வியாழக்கிழமை மூன்று மணி

ஜனவரி 4, ஞாயிறு

அக்கா,

மூன்று வெள்ளைச் சட்டைகளும் பெட்டியில் இருக்கின்றன. மேலே இருப்பதை முதலில் போடு, அதன் காலர்தான் நன்றாக நிற்கிறது. மூன்றாவதில் கையோரம் நூல் பிரிந்திருந்தது, தைத்துவிட்டேன். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பெரிய பேங்கில் யாரும் உன் கையோரத்தை உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உன் சட்டைப் பையில் ஒரு பஸ் டிக்கெட்டும் பாதி தின்ற மிட்டாயும் இருந்தன. மிட்டாயை எறிந்துவிட்டேன். டிக்கெட்டை வைத்திருக்கிறேன், ஏனென்று தெரியாது. எங்கள் லாண்டரியில் எந்தத் துணி வந்தாலும் தண்ணீரில் போடும்முன் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் எல்லாக் கோட்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. பையை இழுத்தால்தான் அது யாருடைய கோட்டு என்று தெரிகிறது.

நேற்று நீ கடை போனுக்குக் கூப்பிட்டபோது நான் இங்கேதான் இருந்தேன். முதலாளியம்மா "உங்க அக்காடி, வா" என்று நீட்டினார். நான்தான் வழக்கம்போல் துணி மூட்டைக்குப் பின்னால் போய்விட்டேன். "இவளுக்கு வாய் இருக்கறது சாப்பிடறதுக்கு மட்டும்தான் போல" என்று அவர் உன்னிடம் சொன்னதும் கேட்டது. கோபித்துக்கொள்ளாதே. துவைக்க உன் சட்டைப் பெட்டி இங்கே வரும், போகும். அதில் கடிதம் வைத்து அனுப்புகிறேன். எழுத எனக்குப் பயமில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். பேங்கில் நீ சேர்ந்திருக்கும் திட்டத்தின் பெயரைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல வரவில்லை என்று "பேங்க்ல எடுத்துக்கிட்டாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறாள். இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்று நானும் திருத்தவில்லை.

பூச்சி

*

ஜனவரி 11, ஞாயிறு

என் வாயில்லாப் பூச்சிக்கு,

முதலில் அம்மாவுக்குப் புரியும்படி எழுதுகிறேன், படித்துக் காட்டு. கல்லூரி முதல் வருடத்திலேயே இருபது பேரைப் பொறுக்கி எடுத்து, மூன்று மாதம் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பிடித்தவர்களுக்கு விடுமுறையில் சம்பளத்தோடு பயிற்சி. அதில் தேறினால் படிப்பு முடியும்முன்பே வேலை உறுதி. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது நடுவில் நின்று கணக்குப் பார்த்துச் சொல்கிற வேலை. ஒவ்வொருவருக்கும் இங்கே வேலை செய்கிற ஒருவரைத் துணைக்குக் கொடுப்பார்கள், மென்டர் என்று பெயர். ஆறு முறை அவரோடு பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் என்ன கற்றுக்கொண்டேன் என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். மார்ச் இருபதாம் தேதி பட்டியல் வரும்.

நான் தேறினால் ஜூனில் நீ மறுபடி பள்ளிக்கூடம் போகிறாய். இது அம்மாவுக்குப் படிக்க வேண்டாம்.

இனி உனக்கு மட்டும்.

என் மென்டர் ஒரு பெண்மணி. திங்களன்று ஒரு மெயில் அனுப்பினார். இரண்டே வரி. 'வியாழக்கிழமை மூன்று மணி உன்னுடையது. கீழே காபிக் கடைக்கு வா, இல்லையென்றால் கூப்பிடு.' நான் இரண்டரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன், உன் காலர் போட்ட சட்டையில். பக்கத்து மேசைகளில் மற்றவர்களின் மென்டர்கள் வந்தார்கள், சிரித்தார்கள், கைகுலுக்கினார்கள். நாலேகால் வரை நான் ஒரே காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை.

'மாணவர்தான் தொடர்புகொள்ள வேண்டும், மென்டர் துரத்த மாட்டார்' என்று எங்களுக்குக் கொடுத்த விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் எந்த முகத்தோடு கூப்பிடுவேன்? விண்ணப்பத்தில் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். நான் ஒன்றும் மறைக்காமல் எழுதினேன். அதைப் படித்திருப்பார். இது தேறாது என்று விட்டிருப்பார்.

படிவத்தை வெறுமையாக விட முடியாது பூச்சி. 'தொலைபேசியில் பேசினோம்' என்று எழுதிவிட்டேன். என்ன கற்றுக்கொண்டாய் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. உன் கடிதம் பையில் இருந்தது. 'மேலே பார்த்தால் எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி இருக்கும், பையை வெளியே இழுத்துப் பார். கணக்கின் கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்துக் குறிப்புகளை முதலில் படி' என்று அவர் சொன்னதாக எழுதினேன். ஒரே ஒரு தடவைதான்.

அக்கா

*

ஜனவரி 18, ஞாயிறு

அக்கா,

கோபமில்லை. சிரிப்புத்தான் வந்தது. பையை இழுப்பதைப் பற்றி முதலாளியம்மாவிடம் சொன்னால் சம்பளத்தை உயர்த்துவாரா என்று யோசித்தேன்.

ஆனால் கூப்பிட்டுப் பார் அக்கா. போனைக் கண்டால் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளிகிறவள் சொல்கிறேன் என்று சிரிக்காதே. வராததற்கு அவருக்கு ஏதாவது காரணம் இருக்கலாம். இங்கே கறையோடு ஒரு துணி வந்தால் உடனே தேய்க்கக் கூடாது, இது என்ன கறை என்று முதலில் கேட்க வேண்டும். கேட்காமல் வெந்நீரில் போட்டால் சில கறை அப்படியே நின்றுவிடும். நீ அவரிடம் கேட்கவில்லை, நீயாகவே தேய்க்கிறாய்.

கடையின் பின்னறையில் யாரும் திரும்பி வந்து வாங்காத துணிகள் ஒரு கம்பி நிறையத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் டோக்கன் குத்தியிருக்கும். ஆறு மாதம் பார்த்துவிட்டு எடுத்து யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். மத்தியானம் நீராவிப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கம்பியில் இருப்பவை லேசாக அசையும். நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பதில்லை. சும்மா சொன்னேன்.

பூச்சி

*

பிப்ரவரி 8, ஞாயிறு

பூச்சி,

மூன்றாவது படிவமும் கொடுத்துவிட்டேன். திட்டி எழுதாதே, முழுதாகப் படி.

திட்டத்தைப் பார்த்துக்கொள்கிற மேடம் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து என் படிவத்தைச் சத்தமாகப் படித்தார். 'விற்பனை குறைந்திருந்தால் உடனே காரணம் சொல்லித் தேய்க்காதே. இது என்ன கறை என்று முதலில் கேள்.' பக்கத்தில் இருந்த பையன், "எங்க ஆளு மூணு தடவையும் தன்னோட மாரத்தான் கதையைத்தான் சொன்னாரு. உன் மென்டரை மாத்திக்கலாமா?" என்றான். மேடம் என்னைப் பார்த்து, "அவங்க யார்கிட்டயும் இவ்வளவு பேசினதே இல்ல. உன்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல" என்றார். நான் தலையாட்டினேன். பட்டியலில் என் பெயர் மேலே இருப்பதாகச் சொல்கிறார்கள்.

பத்தொன்பதாம் மாடிக்குப் போய் அவர் இருக்கையைப் பார்த்தேன். சாம்பல் நிறக் கோட்டு ஒன்று நாற்காலி முதுகில் தொங்குகிறது. மேசையில் தூசி. "வீட்டிலிருந்து வேலை செய்கிறார்" என்றார்கள். கோட்டின் தோள் இரண்டும் ஆள் உட்கார்ந்திருப்பது போலவே நிமிர்ந்திருந்தன. பின்னால் இருந்த ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, அந்தக் கோட்டுக்கு மேலே.

இன்னொன்று. இப்போதெல்லாம் படிவத்தை எடுத்தால் எனக்குக் குரல் கேட்கிறது. நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல். நானாக எழுதுவது போலவே இல்லை. அவர் சொல்கிறார், நான் எழுதிக்கொள்கிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 15, ஞாயிறு

அக்கா,

அது என் குரல்.

கரகரப்பு நீராவியால் வந்தது. நீ கல்லூரிக்குப் போனபின் வந்தது, அதனால் உனக்குத் தெரியாது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் வார்த்தைகளை உடம்பு இல்லாத ஒரு கோட்டுக்குப் போட்டுவிட்டிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும்போது என் கையையே பார்த்துக்கொள்கிறேன், இருக்கிறதா என்று.

நிறுத்திவிடு. அவரைக் கூப்பிடு. இந்தத் தடவை சட்டை மட்டும்தான் அனுப்புகிறேன், துணி பற்றி ஒன்றும் எழுதவில்லை.

*

மார்ச் 1, ஞாயிறு

பூச்சி,

அவர் இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில்.

ஜனவரி ஆறாம் தேதியிலிருந்தே ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். எனக்கு மெயில் அனுப்பிய மறுநாள். வயிற்றில் கட்டி. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டாராம், படுக்கையிலிருந்தே கொஞ்ச நாள் வேலையும் பார்த்திருக்கிறார். நான் காபிக் கடையில் உட்கார்ந்து அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது அவர் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவருடைய அம்மா ஆபீசுக்கு வந்தார். சின்ன உருவம். ஒரு அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார், அதில் ஒரு குவளையும் இரண்டு பேனாவும்தான் இருந்தன. மேடம் என்னை அழைத்து, "இவதான்" என்றார். என் நான்கு படிவங்களையும் நகல் எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்கள் பூச்சி. மகள் கடைசியாகப் பேசியவை என்று.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு வியாழக்கெழமையும் மூணு மணி ஆனா என்னை வெளிய போகச் சொல்லுவா. நானும் பிளாஸ்க்கைத் தூக்கிட்டு டீ வாங்கப் போவேன். போனைத் தலகாணி மேல வச்சுக்குவா. உங்கிட்டதான் பேசினாளாம்மா?"

நான் தலையாட்டினேன்.

வியாழக்கிழமை மூன்று மணி உன்னுடையது என்று அவர் எழுதியிருந்தார். நான் கூப்பிட வேண்டும் என்பதுதான் விதி. ஏழு வியாழக்கிழமைகள் பூச்சி. அவர் தலையணையில் போனை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் இங்கே உட்கார்ந்து அவர் பேசியதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோட்டை அந்த அம்மா மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். "நீதானே அவங்களுக்கு நெருக்கம், சுத்தம் பண்ணி வீட்ல கொண்டுபோய்க் குடுத்துடு" என்று மேடம் என்னிடம் தந்துவிட்டார். பெட்டியில் அனுப்புகிறேன். மீதி இரண்டு படிவம் வேண்டாமாம், இதுவே போதுமாம். என் பெயர் இன்னும் மேலேதான் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் பட்டியலில் நான் இல்லை, ஜூனில் உன் பள்ளிக்கூடமும் இல்லை. அது கூடப் பரவாயில்லை. உங்கள் மகள் ஏழு வாரம் வராத போனுக்காகக் காத்திருந்தாள் என்று அந்த அம்மாவிடம் எந்த வாயால் சொல்வேன்? இப்போது அவரிடம் நாலு தாளாவது இருக்கிறது.

என்ன செய்யட்டும்? நீ சொல். இவ்வளவு நாளும் நீதான் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அக்கா

*

மார்ச் 8, ஞாயிறு

அக்கா,

கோட்டு வந்தது. பெட்டியைத் திறந்தவுடன் முதலாளியம்மா, "நல்ல துணி, தண்ணியே படக்கூடாது" என்றார். அவர் போனபின் பின்னறைக்கு எடுத்துப் போனேன். கம்பியில் மாட்ட மனம் வரவில்லை, என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

பிறகு பைகளை வெளியே இழுத்தேன்.

வெளிப் பைகளில் ஒன்றுமில்லை. உள்பையில் நாலாக மடித்த ஒரு சீட்டு. பென்சிலால் எழுதியது. அப்படியே உனக்கு எழுதுகிறேன், முதலில் என் எழுத்தில் படித்துக்கொள். பிறகு சீட்டைப் பார்.

'வியாழன். முதல் தடவை.
வேலையைப் பற்றி எடுத்தவுடனே பேசாதே. மதியம் சாப்பிட்டாளா என்று கேள்.
நானும் முதல் வருடம் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்.
தங்கை லாண்டரியில் வேலை செய்கிறாள் என்று எழுதியிருக்கிறாள். இருபது விண்ணப்பத்தில் இது ஒன்றில்தான் ஆள் தெரிகிறது. தங்கை பெயரைக் கேள்.
கூப்பிடத் தயங்குவாள். நாம் கூப்பிட்டால் பயந்துவிடுவாள். காத்திரு.'

அவ்வளவுதான். கடைசி வார்த்தைக்கு அடியில் கோடு போட்டிருக்கிறார்.

நீ என்னைப் பற்றி அங்கே எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது அக்கா. அதற்காகத்தான் அவர் உன்னை விட்டுவிட்டார் என்று நினைத்தாய். அவர் என் பெயரைக் கேட்க இருந்தார். என் பெயரை யாரும் கேட்டு எவ்வளவோ நாளாகிறது. இங்கே நான் "ஏய் பொண்ணு".

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா நம்மை விட்டுப் போன அந்த வருடம், எனக்குப் படிப்பு ஏறவில்லை, பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று நானேதான் சொன்னேன். அம்மா நம்பினாள். நீ நம்புவது போல இருந்தாய். அது பொய். பிடித்திருந்தது. கேள்வி கேட்டால் எழுந்து பதில் சொல்வதுதான் பயம், மற்றதெல்லாம் பிடித்திருந்தது. இருவரில் ஒருவர்தான் படிக்க முடியும் என்று அடுப்படியில் அம்மா தனியாக அழுததைக் கேட்டேன், அதனால் சொன்னேன். நல்லதற்காகச் சொன்ன பொய்தான். ஆனால் அது அன்றோடு போய்விடவில்லை. பள்ளிக்கூட பஸ் கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் வந்து நிற்கிறது. அதனால் சொல்கிறேன், பள்ளிக்கூடத்துக்காக என்று இதை மூடி வைக்காதே. அந்தப் பஸ்ஸில் என்னால் ஏற முடியாது.

அந்த அம்மாவுக்கு வலிக்கும் என்பது நிஜம்தான். ஆனால் அவரிடம் இருக்கும் நாலு தாளில் அவர் மகள் இல்லை, நான்தான் இருக்கிறேன். அவர் மகள் இந்தச் சீட்டில் இருக்கிறார். இதை நாம் எப்படி வைத்துக்கொள்வது?

கோட்டைத் துவைக்கவில்லை. தோளில் இருந்த தூசியை மட்டும் பிரஷ்ஷால் தட்டினேன். காலர் உள்பக்கம் அவருடைய முடி ஒன்று இருக்கிறது, எடுக்கவில்லை.

பூச்சி

*

மார்ச் 15, ஞாயிறு

பூச்சி,

வியாழக்கிழமை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வேண்டுமென்று அந்த நாளைப் பார்த்துப் போகவில்லை, அவர் அன்றைக்குத்தான் வரச் சொன்னார்.

இரண்டு அறை வீடு. கோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நீ வைத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தாயே, அதே மாதிரி. நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்பதையும் சொன்னேன். சீட்டை நீட்டினேன்.

அவர் நெடுநேரம் அதைப் படித்தார். பிறகு, "தெரியும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"டீ வாங்கப் போறேன்னு கதவுக்கு வெளியிலதான் நிப்பேன். அவ யார்கிட்ட அப்படி ரகசியமாப் பேசறான்னு கேக்கணும்னு ஆசை. பெத்தவளுக்கு இருக்காதா? ஒரு வாரங்கூடக் குரலே வரல. உள்ள போனா, பேசி முடிச்சவ மாதிரி போனைத் திருப்பி வச்சிருப்பா. நானும் கேக்கல."

"அப்புறம் ஏன் அன்னைக்கு என்கிட்ட..."

"நீ தலையாட்டினதும் ஒரு நிமிஷம் நெஜமாவே இருக்குமோன்னு தோணிச்சு. வீட்டுக்கு வந்து படிச்சேன். கறையத் தேய்க்காத, என்ன கறைன்னு கேளுன்னு போட்டிருக்கு. என் மக ஒரு கர்சீப்கூடத் துவைச்சதில்ல! அவளுக்குக் கறையைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. "யாரும்மா அது?"

"என் தங்கச்சி" என்றேன்.

அப்போது அலமாரியில் மகளின் போன் அடித்தது. நான் துள்ளிவிட்டேன். அழைப்பு இல்லை, அலாரம். மூன்று மணி. திரையில் 'அவள் கூப்பிடலாம்' என்று எழுதியிருந்தது. "நிறுத்தத் தெரியலையாம்மா?" என்று கேட்டேன். "தெரியும். சார்ஜ் போட்டு வச்சிருக்கேன்" என்றார். அது தானாக ஓயும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரம் அடித்தது என்று தெரியவில்லை.

சீட்டை வைத்துக்கொண்டார். அந்த நாலு தாளையும் திருப்பித் தரவில்லை. "இது உன் தங்கச்சிது. அவ வந்து கேட்டா அவ கையில குடுக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மேடத்திடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு போன்... ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே" என்றார். என் அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுபடி எங்கேயாவது விண்ணப்பம் போடலாம், வீட்டைப் பற்றிய பக்கத்தை இதே மாதிரிதான் எழுதுவேன். நம் அம்மாவிடம் நானே சொல்கிறேன். நீ சொல்லாதே.

குரல் இப்போது கேட்பதில்லை. கேட்காதது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

இந்தத் தடவை பெட்டியில் சட்டை இல்லை. வெறும் கடிதம்தான்.

அக்கா

*

மார்ச் 18, புதன்

அக்கா,

சட்டை இல்லாத பெட்டியைப் பார்த்து முதலாளியம்மா, "காத்தைத் துவைக்கவா அனுப்பியிருக்கா?" என்றார்.

பின்னறைக் கம்பியில் ஆறு மாதமானவற்றை இன்று எடுத்தார்கள். எடுக்கும்முன் எல்லா டோக்கனையும் பார்த்து, நம்பர் இருந்தவர்களுக்கு நான் கூப்பிட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். முதலாளியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா?" என்றார். நான்தான். பதினொரு நம்பர். நாலு பேர் எடுத்தார்கள். முதல் ஆளிடம் என் குரல் வரவே இல்லை, அவர் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். இரண்டாவது ஆளுக்குப் பாதி வந்தது. நாலாவது ஓர் அம்மாள், "மறந்தே போயிட்டேன், நாளைக்கே வரேன்" என்றார். கடைசியில் உன் பெயர் என்னம்மா என்று கேட்டார். சொன்னேன்.

நாளை வியாழக்கிழமை. மூன்று மணிக்கு உன்னைக் கூப்பிடுவேன். அந்த நேரத்தில் கடையில் நீராவிச் சத்தம் இருக்கும், என் தொண்டையும் கரகரப்பாக இருக்கும், பயந்துவிடாதே.

முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டேன். வைத்துவிடாமல் இரு.